மூன்று கிலோ சாம்பல்

உரச்சாக்கை உதறிக்கொண்டே வந்து நின்றான்.
"பாய்லர் அண்ணா, சாம்பல். மூணு கிலோ."

சாம்பலை எடை சொல்லிக் கேட்டவன்
இருபத்தாறு வருடத்தில் இவன்தான்.
பாத்திரம் தேய்க்கவா என்றேன்.
இல்லை.
முட்டைக்கோசுக்குத் தூவவா?
அதுவும் இல்லை.
இருட்டில் தீப்பெட்டி துழாவுகிற மாதிரி
எங்கள் பாஷைக்குள் கொஞ்ச நேரம் துழாவி
"அண்ணன் வர" என்றான்.

அவன் அண்ணனைப்
பத்து நாளைக்கு முன்னால்தான் புதைத்தோம்.
ஏத்வா முண்டா.
கோத்தகிரி ரோட்டில்
கொழுந்து டிராக்டர் சாய்ந்தபோது அடியில் இருந்தவன்.
ராஞ்சி தாண்டி இருக்கிற ஊருக்கு
ஆம்புலன்ஸ்காரன் எண்பதாயிரம் சொன்னான்.
எட்டாம் நம்பர் காட்டோரம் குழி வெட்டினோம்.
அவர்கள் எண்ணெயும் மஞ்சளும் பூசினார்கள்.
எங்கள் ஆட்கள் வாய்க்கரிசி போட்டார்கள்.
எது முதலில் என்று யாரும் கேட்கவில்லை,
மழை அடுத்த சரிவுக்கு வந்துவிட்டிருந்தது.

கற்பூரமரச் சாம்பலில்
கரித்துண்டு கிடக்கும், ஆணிகூடக் கிடக்கும்.
டஸ்ட் பிரிக்கிற சல்லடையை இறக்கினேன்.
சூப்பர்வைசர் கண்டால் சம்பளத்தில் கைவைப்பார்.
மூன்றாம் சலிப்பில்
நெற்றிக்கு வைக்கலாம் போல விழுந்தது.
அவன் ஒரு சிட்டிகை எடுத்து
விரலில் தேய்த்துப் பார்த்துத்
தலையாட்டினான்.

ராத்திரி லைன் வீட்டுத் தரையில்
அதைப் பரப்பி, விளக்கணைத்து,
கதவைச் சாத்திவிட்டு
வெளியே வந்து நின்றார்கள். நானும் நின்றேன்.
இரண்டு கவ்வாத்துக் கத்திகளை
ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு
காட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்:
ஹிஜுமே, ஏத்வா, ஹிஜுமே.
அர்த்தம் யாரும் சொல்லவில்லை.
விளையாடப் போன பிள்ளையைச்
சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல் அது.
பக்கத்து வீட்டு ஞானசுந்தரி
குளிருக்குப் போர்த்திய துண்டை இறக்கிவிட்டுத்
"தண்ணி கேட்டு நின்னியோ, தடம் மாறிப் போனியோ" என்று
ஒப்பாரியை எடுத்தாள்.
கத்திச் சத்தம்
அவள் இழுவைக்கு இடம்விட்டு விழத் தொடங்கியது.

கதவைத் திறந்து
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்கள்.
சாம்பலில் ஒரு கோடு.
கரப்பான் ஓடியது, எனக்குத் தெரியும்.
அந்த வீடுகளின் கரப்பானை
நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.
ஏத்வாவின் பெண்சாதி
என் முகத்தைப் பார்த்தாள்.
அங்கே இருந்தவர்களில்
அவள் உறவு இல்லாதவன் நான்,
பொய் சொல்லக் காரணம் இல்லாதவன்.
"வந்துட்டான்" என்றேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்து
அப்போதுதான் அழுதாள்.

இதெல்லாம் புரட்டாசியில்.

ஐப்பசியில் மங்களேஸ்வரிக்குத் திதி.
மகள் திருப்பூரில், ஷிப்ட் மாற்றித் தரவில்லையாம்.
இலையில் சோறும் வடையும் ஏந்தி
பாய்லர் கொட்டகைத் தகரத்தில் ஏறி நின்று
காக்கையைக் கூப்பிடுகிறேன்.
மூடுபனி. என் கைகூட எனக்குத் தெரியவில்லை.
கூப்பிட்டது திரும்பி
என் காதிலேயே விழுகிறது.
சோறு விறைத்துப் போயிற்று.

ராத்திரி ஷிப்ட் முடிந்து போன சுக்ரா
கீழே நின்று அண்ணாந்தான்.
"யாரு?"
"வீட்டுக்காரி."
சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு
ஏணியில் ஏறி வந்தான்.
நெஞ்சைத் திறந்து கா என்றான்.
அவர்கள் ஊரிலும் அது கா தான்.
இரண்டு ஆம்பளைகள் தகரத்தின் மேல்,
கா, கா என்று,
வெள்ளையைப் பார்த்து.

காக்கை வரவில்லை.
வெகுநேரம் கழித்துப் புதருக்குள்ளிருந்து
சிரிப்பான் குருவி ஒன்று தத்தி வந்து
வடையின் ஓரத்தைக் கொத்திப்
பறந்துவிட்டது.
அது கணக்கில் வராது என்று
சொல்ல வாயெடுத்தேன்.

சுக்ரா என் முகத்தைப் பார்த்தான்.
"அக்கா வந்துட்டான்" என்றான்.

அந்தச் சொல்லை
எங்கே கற்றான் என்று எனக்குத் தெரியும்.
திருத்தவில்லை.